முள்ளுக்கீரை யார் வீட்டுப் பிள்ளை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாட்ஸ்அப்பில் எனக்கு வரும் செடிப் படங்களில் வாரத்துக்கு ஒன்றாவது முள்ளுக்கீரையாக இருக்கும். இது என்ன செடி, சாப்பிடலாமா, மாட்டுக்குப் போடலாமா, நம் ஊர்ச் செடிதானா என்று கேள்விகளும் கூடவே வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை வலித்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன்.

முள்ளுக்கீரை என்று எதைச் சொல்கிறீர்கள்?

மாட்டுத் தொழுவத்தின் பின்பக்கம், குப்பைமேடு, ரயில் தண்டவாளத்தின் ஓரம், அறுவடை முடிந்து சும்மா கிடக்கும் தோட்டம், இப்படிப்பட்ட இடங்களில் இடுப்புயரம் வளர்ந்து நிற்கும் ஒரு கீரைச்செடி. பார்த்தால் தண்டுக்கீரையின் அண்ணன் மாதிரி இருக்கும், கீரைதானே என்று கையை வைத்தால் சுருக்கென்று குத்தும். ஒவ்வொரு இலையும் தண்டில் சேரும் இடத்தில் இரண்டு முள் இருக்கும். அறிவியல் பெயர் அமராந்தஸ் ஸ்பைனோசஸ், 1753-ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்தது. ஸ்பைனோசஸ் என்றால் முள் நிறைந்தது. மலையாளத்தில் முள்ளன்சீர, தெலுங்கில் முள்ள தோட்டகூர, சிங்களத்தில் கட்டு தம்பலா, மலாயில் பாயாம் டூரி. எந்த மொழிக்காரரும் இதற்குப் பெயர் வைக்க ரொம்ப யோசிக்கவில்லை, எல்லோரையும் அது ஒரே மாதிரிதான் குத்தியிருக்கிறது.

அமராந்தஸ் என்றால் என்ன அர்த்தம்?

வாடாதது. கிரேக்கச் சொல். இந்தக் கூட்டத்தின் பூக்கள் காய்ந்த பிறகும் நிறம் போகாமல், உதிராமல் நிற்பதால் அந்தப் பெயர். நாம் வாடாமல்லி என்று கூப்பிடும் பூவும் இதே குடும்பம்தான். கிரேக்கர்களுக்கும் நமக்கும் ஒரே எண்ணம் வந்ததற்குக் காரணம் அந்தப் பூக்களின் இதழ்களே, அவை பிறக்கும்போதே காகிதம் போல உலர்ந்த தன்மையோடு இருக்கின்றன. வாடுவதற்கு அதில் தண்ணீரே கிடையாது.

வகைப்பாட்டில் இது எங்கே வருகிறது?

துறை கேரியோபில்லேல்ஸ், குடும்பம் அமராந்தேசி, பேரினம் அமராந்தஸ், சிற்றினம் ஸ்பைனோசஸ். பேரினத்தில் சுமார் 70 சிற்றினங்கள் உண்டு.

குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீட்டைச் சுற்றியே அது நிறைய இருக்கிறது. நாயுருவி, பொன்னாங்கண்ணி, பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளை, கோழிக்கொண்டை, பண்ணைக்கீரை எல்லாம் அமராந்தேசிதான். பீட்ரூட்டும் பாலக்கும் முன்பு கீனோபோடியேசி என்ற தனிக் குடும்பத்தில் இருந்தன. மரபணு ஆதாரத்தை வைத்துப் பூக்கும் தாவரங்களைத் திருப்பி அடுக்கியபோது, 1998-ல் வந்த ஏபிஜி (தாவரவியலாளர்கள் குழு ஒன்றின் பெயர்ச்சுருக்கம்) வகைப்பாடு அதையும் அமராந்தேசிக்குள் சேர்த்துவிட்டது. பழைய பாடப்புத்தகம் வைத்திருப்பவர்கள் இரண்டாகப் படித்திருப்பீர்கள், இன்னும் இரண்டாகவே வைத்திருக்கும் தாவரவியலாளர்களும் இருக்கிறார்கள். அது தவறில்லை, ஆனால் எந்த வகைப்பாட்டைப் பின்பற்றுகிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. இந்தத் துறையின் பெரும்பாலான குடும்பங்களில் சிவப்பு நிறம் தருவது மற்றச் செடிகளில் சிவப்பும் ஊதாவும் தரும் ஆந்தோசயனின் என்ற நிறமி இல்லை, பீட்டாலெயின் என்ற வேறு நிறமி. பீட்ரூட் நறுக்கும்போது கையில் ஒட்டுவதும், முள்ளுக்கீரைத் தண்டில் ஓடும் சிவப்பும், காகிதப்பூவின் ரோஸ் நிறமும் ஒரே வகைச் சரக்கு. கத்தரிக்காயின் ஊதா வேறு.

செடியைக் கீழிருந்து மேல் வரை விவரிக்க முடியுமா?

ஓராண்டுச் செடி. ஆணிவேர் தடித்து, சிவந்து, நேராகக் கீழே போகும், மழை பெய்யாத நாளில் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் பிடிவாதம் தெரியும். தண்டு நிமிர்ந்து நிற்கும், நிறையக் கிளைவிடும், நீளவாக்கில் வரிவரியாக இருக்கும், பச்சையிலிருந்து கருஞ்சிவப்பு வரை எந்த நிறத்திலும் வரும். அதனால் தண்டின் நிறத்தை வைத்து அடையாளம் சொல்லாதீர்கள். உயரம் சாதாரணமாக ஓர் அடியிலிருந்து நான்கடி, எருக்குழி ஓரமாக இருந்தால் அதற்கும் மேல்.

இலைகள் மாற்றிமாற்றி அமைந்தவை, காம்பு நீளம், சில நேரம் இலையின் நீளத்துக்கே காம்பும் இருக்கும். இலைப்பரப்பு முட்டை வடிவமோ சாய்சதுரமோ, 3 முதல் 10 சென்டிமீட்டர். நுனியில் நரம்பு ஒரு ஊசிமுனை போலக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். சில செடிகளின் இலை நடுவில் வெளிறிய கோடு ஒன்று தலைகீழ் வி போலத் தெரியும், தெரியாமலும் போகும், அதையும் நம்ப வேண்டாம்.

உச்சியில் நீண்ட கதிர், பெரும்பாலும் நுனி லேசாக வளைந்து தொங்கும். கீழே இலைக்கோணங்களில் உருண்டை உருண்டையாகப் பூக்கொத்துகள். விதை பளபளவென்று கறுப்பு, பக்கவாட்டில் அமுக்கிய உருண்டை, விட்டம் ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கம். கையில் கொட்டினால் துப்பாக்கி மருந்து மாதிரி இருக்கும்.

அந்த முள் உண்மையில் என்ன?

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. முள் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது செடியில் பல உறுப்புகளிலிருந்து வருகிறது. ரோஜாவின் முள் தோலிலிருந்து வருவது, விரலால் ஒடித்தால் பட்டென்று கழன்றுவிடும். காகிதப்பூவின் முள் மாறிய கிளை. சப்பாத்திக்கள்ளியின் முள் மாறிய இலை. முள்ளுக்கீரையில், இலைக்கோணத்தில் வரும் பூக்கொத்தின் அடியில் மெல்லிய செதிலாக இருந்திருக்க வேண்டிய உறுப்புதான் முறுக்கேறி முள்ளாகிவிட்டது. பூவடிச் செதில் என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அது. அதனால்தான் ஜோடியாக வருகிறது, அதனால்தான் இலைக்கோணத்தை விட்டு வேறெங்கும் வருவதில்லை. நீளம் பொதுவாக ஒரு சென்டிமீட்டர், நன்கு வளர்ந்த செடியில் இரண்டு வரை போகும்.

எனக்குப் பூவே தெரியவில்லையே?

தெரியாது, அது காட்டிக்கொள்ளவே இல்லை. காற்றில் மகரந்தம் பரப்பும் செடி, வண்டை அழைக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. அல்லிவட்டம், புல்லிவட்டம் என்று பிரிக்க முடியாத ஒரே வட்டம், அதில் ஐந்து சின்னப் பூவிதழ்கள், பச்சை கலந்த வெள்ளை. அவ்வளவுதான்.

ஆனால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் (நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பது போன்றது, விலை அதிகமில்லை) இந்தப் பூவில் நேரம் போவதே தெரியாது. ஆண் பூவும் பெண் பூவும் வேறுவேறு, ஆனால் ஒரே செடியில். உச்சிக் கதிரில், முக்கியமாக அதன் மேல்பாதியில், பெரும்பாலும் ஆண் பூக்கள், ஐந்து மகரந்தத் தாள்களோடு. கதிரின் அடியிலும் இலைக்கோண உருண்டைகளிலும் பெண் பூக்கள், சூல்முடி (மகரந்தம் வந்து ஒட்டும் நுனி) மூன்றாகப் பிரிந்திருக்கும், சில பூவில் இரண்டு. இந்த மேல்-கீழ் ஏற்பாடு முள்ளுக்கீரையின் கையெழுத்து மாதிரி. ஆண் பூக்கள் உதிர்ந்த பிறகு கதிரின் நுனி மொட்டையாகக் காய்ந்து நிற்பதைப் பார்த்துப் பூச்சி விழுந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பூச்சி இல்லை, ஆணின் வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பெண் பூ காயாகும்போது ஒற்றை விதை கொண்ட சின்னப் பை ஆகிறது. சில செடிகளில் அந்தப் பை மூடி கழன்றது போல வட்டமாக வெடிக்கும், சிலதில் கண்டபடி கிழியும், சிலதில் திறக்காமலே விழும். இந்த ஒரு குணத்தை வைத்து உள்வகைகள் பிரித்தவர்கள் உண்டு. ஒரே வயலில் எல்லா மாதிரியும் பார்க்க முடிகிறபோது அந்தப் பிரிவினை எதற்கு என்பது என் எண்ணம்.

குப்பைக்கீரை, தண்டுக்கீரையிலிருந்து எப்படிப் பிரித்துச் சொல்வது?

முள் இருந்தால் முள்ளுக்கீரை, கதை முடிந்தது. நம் பக்கம் காணும் அமராந்தஸ்களில் இலைக்கோணத்தில் உண்மையான ஜோடி முள் இருப்பது இது ஒன்றுக்குத்தான்.

சந்தேகம் வந்தால் பூவிதழை எண்ணுங்கள். முள்ளுக்கீரைக்கு ஐந்து. குப்பைக்கீரைக்கும் (அமராந்தஸ் விரிடிஸ்) தண்டுக்கீரைக்கும் (அமராந்தஸ் டிரைகலர்) மூன்று. குப்பைக்கீரையில் இலை நுனி உள்ளே வெட்டியது போலிருக்கும், காய் காய்ந்தால் சுருக்கம் சுருக்கமாகி வெடிக்காமல் நிற்கும்.

அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரைக்கு இலத்தீன் பெயர் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: புத்தகத்துக்குப் புத்தகம் வேறு பெயர் இருக்கும், குழம்ப வேண்டாம். அவை சந்தைப் பெயர்கள். ஒரே சிற்றினத்தை இளசாகப் பிடுங்கினால் முளைக்கீரை, வளரவிட்டு வெட்டினால் தண்டுக்கீரை என்று விற்பதும் உண்டு. கீரைக்காரம்மா கட்டைப் பார்த்துச் சொல்லும் பெயருக்கும் லின்னேயஸ் பூவைப் பார்த்து வைத்த பெயருக்கும் நேருக்கு நேர் பொருத்தம் தேடினால் தலைவலிதான் மிஞ்சும்.

முள் வராத சின்னக் கன்றாக இருந்தால்?

உறுதியாகச் சொல்ல முடியாது. யாராவது இரண்டிலைக் கன்றின் படத்தைப் பார்த்துச் சிற்றினப் பெயர் சொன்னால் அது ஊகம். ஐந்தாறு இலை வரட்டும், கோணத்தை விரலால் தடவிப் பாருங்கள், பச்சையாக மெத்தென்று இரண்டு நுனி தட்டுப்படும்.

நீர்முள்ளியும் இதுவும் ஒன்றா?

இல்லவே இல்லை. நீர்முள்ளி ஈரமான வயலிலும் குளக்கரையிலும் வளரும் வேறு குடும்பத்துச் செடி, கணுவைச் சுற்றி ஆறு முள், நடுவில் நீலமும் ஊதாவும் கலந்த அழகான பூ. பெயரில் மட்டும்தான் உறவு. நாட்டு மருந்துக்காகத் தேடிப் போகிறவர்கள் இதில் ஏமாந்துவிடக் கூடாது.

இது நம் நாட்டுச் செடிதானே? பாட்டி காலத்திலிருந்து இருக்கிறதே?

பாட்டிக்குப் பாட்டி காலத்திலும் இருந்திருக்கும். ஆனாலும் பிறந்த ஊர் இது இல்லை. மெக்சிகோ தொடங்கித் தென் அமெரிக்கா வரை உள்ள வெப்பமண்டலம்தான் தாயகம். அப்படியானால் 1492-க்குப் பிறகு கப்பல்கள் போக வர ஆரம்பித்த பின்னர்தான் இங்கே வந்திருக்க வேண்டும். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி, கொய்யா, பப்பாளி எல்லாம் வந்த அதே வழி. ஒரே வித்தியாசம், மிளகாயை யாரோ வேண்டுமென்று கொண்டுவந்தார்கள். இதன் விதை இருக்கும் அளவுக்கு, மூட்டையிலும் மண்ணிலும் சேற்றுக்காலிலும் கேட்காமலே ஏறிவந்துவிடும்.

எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறார்கள் என்று கேட்பீர்கள். அமராந்தஸ் பேரினத்தின் பெரும்பாலான சிற்றினங்கள் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை, முள்ளுக்கீரைக்கு நெருங்கிய சொந்தங்களும் அங்கேதான். அப்புறம் இங்கே அது எங்கே வளர்கிறது என்று பாருங்கள்: மனிதன் கிளறிய மண்ணில் மட்டும். கைபடாத காட்டுக்குள் நடந்துபோய் முள்ளுக்கீரையை நான் பார்த்ததே இல்லை. காட்டுக்குள் இருந்தால் பக்கத்தில் ஒரு பட்டி இருக்கும், இல்லை ஒரு பழைய பாதை இருக்கும்.

சங்கப் பாட்டில் குப்பையில் முளைத்த கீரை வருகிறதே என்று ஒருவர் வாதத்துக்கு வந்தார். வருகிறது, ஆனால் அது வேளை, கடுகுக்குச் சொந்தமான வேறு கூட்டம். நமக்கென்று பழைய அமராந்தஸ் இல்லையா என்றால், இருக்கிறது. தண்டுக்கீரை ஆசியச் செடிதான். உள்ளூர்ப் பெருமை வேண்டுமென்றால் அதை வைத்துப் பேசலாம்.

அப்படியானால் இது ஆக்கிரமிப்புச் செடியா?

சொற்களைக் கொஞ்சம் கவனமாகப் பிடிப்போம். வெளியூர்ச் செடி ஒன்று, யாரும் விதைக்காமல், தண்ணீர் ஊற்றாமல், தலைமுறை தலைமுறையாகத் தானே பெருகி நிலைத்துவிட்டால் அது இயல்பாக்கமடைந்த செடி. ஊரோடு ஊராகக் கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே போய், வேகமாகப் பரவி மற்றச் செடிகளை நெருக்கித் தள்ளினால்தான் ஆக்கிரமிப்பு. சீமைக்கருவேலம், உண்ணிச்செடி, பார்த்தீனியம் இரண்டாவது ரகம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

முள்ளுக்கீரை இங்கே முதல் ரகம் என்பேன். ஆனால் விவசாயியிடம் கேட்டால் கணக்கு வேறு. 1977-ல் உலகின் மோசமான களைகளைத் தொகுத்தபோது முதல் பதினெட்டில் இதற்கும் இடம் கிடைத்தது, கோரைக்கும் அருகுக்கும் பக்கத்து நாற்காலி. காட்டுக்கு இது பெரிய எதிரி இல்லை, கத்தரித் தோட்டத்துக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் எதிரிதான்.

சித்திரை வெயிலிலும் எப்படி இவ்வளவு செழிப்பாக நிற்கிறது?

கரும்பு, மக்காச்சோளம், கம்பு மாதிரி இதுவும் சி4 வகை ஒளிச்சேர்க்கைக்காரன். காற்றிலிருந்து எடுத்த கார்பன் டை ஆக்சைடை முதலில் நான்கு கார்பன் கொண்ட அமிலமாகப் பிடித்து, இலை நரம்பைச் சுற்றியிருக்கும் செல்களுக்குள் கொண்டுபோய் அங்கே செறிவாக விடுகிறது. அதனால் இலைத்துளையை அகலத் திறந்துவைக்க வேண்டியதில்லை, தண்ணீர் மிச்சம், வெயில் ஏற ஏற மற்றச் செடிகள் சோரும்போது இது வளர்கிறது. புல் இனங்களில் இந்த ஏற்பாடு நிறைய உண்டு, அகன்ற இலைச் செடிகளில் குறைவு.

அதோடு ஒரு பெரிய செடி ஒரு லட்சத்துக்கும் மேல் விதை கொட்டும். முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மண்ணுக்குள் போனவை சும்மா காத்திருக்கும். நீங்கள் கொத்திக் கிளறும்போது மேலே வந்து, ஒரு மழை விழுந்ததும் பச்சைக் கம்பளம் விரிக்கும். களை எடுத்தேன், மறுவாரம் இரண்டு மடங்காக வந்தது என்று புலம்புகிறீர்களே, காரணம் இதுதான்.

மற்ற அமராந்தஸோடு கலந்து பிறக்குமா?

பிறக்கும், இந்தப் பேரினத்தில் தலைவலியே அதுதான். முள்ளுக்கீரையின் குரோமோசோம் எண்ணிக்கை 34. அமராந்தஸ் டூபியஸ் என்று ஒன்று உண்டு, அரைக்கீரை என்று சில நூல்கள் சொல்வது அதைத்தான், அதற்கு 64. பார்க்க முள்ளெடுத்த முள்ளுக்கீரை போலவே இருக்கும். முள்ளுக்கீரைக்கும் இன்னொரு அமராந்தஸுக்கும் எப்போதோ பிறந்த கலப்பிலிருந்து வந்தது அது என்ற கருத்து நெடுநாளாக இருக்கிறது. டூபியஸ் என்றாலே சந்தேகத்துக்குரியது என்று பொருள், பெயர் வைத்தவர் உஷாரானவர்.

அமெரிக்காவின் மிசிசிப்பியில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். அங்கே பருத்தி, சோயா வயல்களில் பால்மெரி என்ற அமராந்தஸ் கிளைபோசேட் களைக்கொல்லிக்குச் சாகாமல் தப்பிக்கப் பழகிக்கொண்டது, களைக்கொல்லி தாக்கும் அந்த நொதியின் மரபணுவைப் பல நகல்களாகப் பெருக்கி வைத்துக்கொண்டு. பிறகு கிளைபோசேட்டுக்கு அடங்காத முள்ளுக்கீரையும் அதே மாநிலத்தில் கிடைத்தது. பிரித்துப் பார்த்தால் அதனுள் இருந்தது பால்மெரியின் மரபணு. கலப்பினச் சேர்க்கை வழியாகக் கைமாறியிருக்கிறது என்று 2014-ல் ஆய்வு வந்தது. அண்டை வீட்டில் கற்ற வித்தை.

சாப்பிடலாமா?

தாராளமாக. பூக்கும் முன் இளம் நுனிகளைக் கிள்ளி, முள்ளை நீக்கி, கடையலாம், பொரிக்கலாம், பருப்போடு போடலாம். முற்றினால் நார், அதோடு முள்ளைப் பொறுக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும். சுவை சிறுகீரையை விடக் கொஞ்சம் அழுத்தமாக இருக்கும், எனக்குப் பிடிக்கும்.

இரண்டு எச்சரிக்கை. இந்தக் கூட்டத்துக் கீரைகளில் ஆக்சலேட்டும் நைட்ரேட்டும் உண்டு, வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துவிடுவது நல்லது. சிறுநீரகக் கல் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, சாக்கடை ஓரம், சாலையோரம், மருந்தடித்த வயலில் பறிக்காதீர்கள்.

விதையை ராஜ்கீரா என்ற கீரைவிதைத் தானியம் மாதிரி பொரிக்கலாமா என்று கேட்கிறார்கள். ராஜ்கீரா இதே பேரினத்தின் வேறு சிற்றினங்களிலிருந்து வருவது, வெளிர் நிற விதைக்காகவே பல நூறு ஆண்டுகள் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தவை. இதன் கறுப்பு விதையைச் சேர்ப்பதற்குள் பொழுது போய்விடும்.

மாடு, ஆட்டுக்கு?

முற்றிய செடியை மாடு முள்ளுக்குப் பயந்து ஒதுக்கும், அதனால்தான் மேய்ந்து மொட்டையான நிலத்தில் இது மட்டும் கம்பீரமாக நிற்கிறது. வெட்டிப்போடுவதென்றால் கொஞ்சமாக, வேறு தீவனத்தோடு கலந்து போடுங்கள். எரு நிறைந்த இடத்தில், வறட்சிக்குப் பிறகு வளர்ந்ததில் நைட்ரேட் கூடுதலாகச் சேர்ந்திருக்கும், அது மட்டுமே வயிறு நிறையப் போனால் மாடு விழுந்துவிடும்.

மருத்துவ குணம்?

சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் இலை, வேர் எல்லாம் பயன்பாட்டில் உண்டு. எந்த நோய்க்கு எவ்வளவு என்பது படித்த வைத்தியர் சொல்ல வேண்டியது, நான் செடியை அடையாளம் சொல்கிறவன் மட்டுமே. பத்து நோய்க்கு ஒரே கீரை என்று காலை ஆறு மணிக்கு வரும் ஃபார்வர்டுகளுக்கு என்னிடம் பதில் இல்லை.

தோட்டத்திலிருந்து ஒழிப்பது எப்படி?

பூக்குமுன் பிடுங்குங்கள், மழைக்கு மறுநாள், கோணிச்சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு. வேரோடு வர வேண்டும், பாதியில் அறுந்தால் அடியிலிருந்து மறுபடி தழைக்கும். கதிர் வந்த செடியை உரக்குழியில் போடாதீர்கள், அடுத்த வருடத்துக்கான விதைப்பாக அது ஆகிவிடும். கனமான மூடாக்கு நல்ல பலன் தரும், விதைக்கு வெளிச்சம் போகாதே. பக்கத்தில் கீரைப் பாத்தி இருந்தால் இன்னும் அக்கறை வேண்டும், இலையடியில் வெள்ளைக் கொப்புளம் போடும் வெண்துரு நோய் முள்ளுக்கீரையிலும் தங்கும்.

அடையாளம் கேட்டுப் படம் அனுப்ப வேண்டும், எப்படி எடுப்பது?

தூரத்திலிருந்து ஒரு முழுச்செடிப் படத்தை மட்டும் அனுப்பினால் நான் என்ன செய்ய? நான்கு வேண்டும்: முழுச்செடி, ஒரு இலையின் மேல்பக்கமும் அடிப்பக்கமும், இலைக்கோணத்தின் நெருக்கம், கதிரின் நெருக்கம். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் அளவு தெரியும். எந்த மாதிரி இடத்தில் நின்றது என்று ஒரு வரி எழுதுங்கள்.

கல்லூரி மாணவராக இருந்து உலர்மாதிரி செய்கிறீர்கள் என்றால் பூவும் காயும் இரண்டுமே உள்ள கிளையை எடுங்கள், முள் செய்தித்தாளைக் கிழிக்கும், அடியில் ஓர் அட்டை வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் உலர்தாவரத் தொகுப்பும், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் தொகுப்பும் இருக்கின்றன, இலங்கையில் இருப்பவர்களுக்குப் பேராதனை. போகுமுன் அனுமதி கேட்டு எழுதுங்கள், லென்ஸை மறக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.